தாத்தா காலத்துக் கிட்டாரை மறுபடி பாட வைப்பது எப்படி

அலமாரிக்கு மேலேயோ, கட்டிலுக்கு அடியிலோ, கராஜில் பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னாலோ ஒரு பழைய கிட்டார் கிடந்தால் அதை வெளியே எடுங்கள். சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டொங்காட் என்று தென்னாப்பிரிக்காவின் டர்பனைச் சுற்றி நம் ஆட்கள் இருக்கும் ஊர்களில் இப்படி எத்தனையோ கிட்டார்கள் இன்னும் கிடக்கின்றன. எடுத்தவுடன் தந்தியை முறுக்க வேண்டாம். துடைக்கவும் வேண்டாம். கைபேசி விளக்கை நடுவில் இருக்கும் வட்டத் துளைக்குள் அடித்து, உள்ளே ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள்.

கேலோடோன் என்று இருந்தால் அது நம் ஊரிலேயே பிறந்த கிட்டார். எரிக் கேலோ 1926-இல் ஜோஹன்னஸ்பர்க்கில் கிராமபோன் கடையாகத் தொடங்கிய கம்பெனி, பிறகு நாட்டின் பெரிய இசைத்தட்டு நிறுவனமாக வளர்ந்தது. கிட்டார்களை டர்பனில் செய்தார்கள். விலை மலிவு. வேலைக்காக நகரத்துக்கு வந்த ஜூலு இளைஞர்கள் வாங்கினார்கள், நம் வீட்டுப் பையன்கள் வாங்கினார்கள், கடல் தாண்டி இங்கிலாந்துக்கும் போனது. 1957-இல் லிவர்பூலில் பதினாறு வயது ஜான் லெனன் கையில் இருந்தது கேலோடோன் சாம்பியன்தான். அந்த வருடம் ஜூலை 6-ஆம் தேதி வுல்டன் தேவாலய விழாவில் அவர் குழுவோடு வாசித்தார். பால் மெக்கார்ட்னியை முதன்முதலாகச் சந்தித்ததும் அன்றைக்குத்தான். அந்தக் கிட்டார் 1999-இல் லண்டன் ஏலத்தில் ஒன்றரை லட்சம் பவுண்டுக்கு மேல் விலை போனது. பிளவுபடாது என்று உத்தரவாதம் தரும் லேபிள் அதன் உள்ளே ஒட்டியிருந்தது. ஒட்டுப்பலகையில் செய்ததால் அப்படித் தைரியமாக உத்தரவாதம் கொடுக்க முடிந்தது.

நம் வீட்டுக் கிட்டாருக்கு அந்த விலை வராது. அது லெனன் தொட்டதற்கு வந்த விலை. சுவரில் அழகுக்கு மாட்டி வைப்பதிலும் எனக்குச் சம்மதம் இல்லை. இவை வாசிப்பதற்காகச் செய்யப்பட்டவை. பெரும்பாலானவற்றை இன்றைக்கும் வாசிக்கும் நிலைக்குக் கொண்டுவரலாம். அதை வீட்டிலேயே எப்படிச் செய்வது, அதில் நம் வீட்டுப் பழைய பாட்டுகளை எப்படிப் பிடிப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். லேபிளில் வேறு பெயர் இருந்தாலும், லேபிளே இல்லாவிட்டாலும் வேலை ஒன்றுதான். லேபிளை மட்டும் எக்காரணம் கொண்டும் கிழிக்க வேண்டாம், ஈரத்துணி படவும் விட வேண்டாம்.

முதலில் பரிசோதனை

ஒரு சாதாரணத் தாளை எடுத்து, தந்திகள் தாங்கி நிற்கும் பிரிட்ஜ் உடம்போடு ஒட்டும் இடத்தில் பின்பக்கமாக நுழைத்துப் பாருங்கள். கழுத்து உடம்போடு சேரும் அடிப்பகுதியிலும் அப்படியே செய்யுங்கள். தாள் உள்ளே போனால் பசை விட்டிருக்கிறது. அதற்குமேல் புதுத் தந்தி போடக் கூடாது. ரிப்பேர் தெரிந்தவரிடம் கொண்டு போக வேண்டியதுதான். பிரிட்ஜ் ஒட்டாமல் சும்மா நிற்கிற மாதிரியும், தந்திகள் பின்னால் ஒரு உலோகத் தகட்டில் மாட்டியிருக்கிற மாதிரியும் இருந்தால் பயப்பட வேண்டாம். அந்த வகை அப்படித்தான் இருக்கும்.

அடுத்து, விரல் முட்டியால் மேல்பலகையைப் பல இடங்களில் மெதுவாகத் தட்டுங்கள். எங்கேயாவது கடகடவென்று ஓசை வந்தால் உள்ளே ஒரு குறுக்குச் சட்டம் கழன்றிருக்கிறது. சின்னச் சின்ன ஓட்டைகளும், அதிலிருந்து மாவு மாதிரித் தூளும் வந்தால் மரப்பூச்சி. அதை மற்ற மரச் சாமான்களிடமிருந்து உடனே தள்ளி வையுங்கள்.

கழுத்து நேராக இருக்கிறதா என்பதற்குத் தந்தியே அளவுகோல். தடித்த ஆறாம் தந்தியை முதல் ஃப்ரெட்டில் (ஃப்ரெட் என்பது கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) ஒரு கையாலும், கழுத்து உடம்போடு சேரும் ஃப்ரெட்டில் மறு கையாலும் அழுத்திக்கொண்டு, நடுவில் ஆறாவது ஏழாவது ஃப்ரெட் பக்கம் தந்திக்கு அடியில் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இருந்தால் நல்ல கழுத்து. அதைவிடப் பல மடங்கு என்றால் வருஷக்கணக்காகத் தந்தி இழுத்து இழுத்துக் கழுத்து வளைந்துவிட்டது. இப்போதைய கிட்டார்களில் இதைத் திருத்தக் கழுத்துக்குள்ளே முறுக்கும் கம்பி உண்டு. மலிவான பழையவற்றில் பெரும்பாலும் கிடையாது. அதனால் இந்தக் கிட்டார்களை எவ்வளவு குறைவாக இழுக்க வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சுத்தம் செய்வது

தந்திகளை மெதுவாகத் தளர்த்திக் கழற்றுங்கள். பிரிட்ஜ் ஒட்டாத வகை என்றால் அது நின்ற இடத்தைப் பென்சிலால் லேசாகக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு பிடி பச்சரிசியைத் துளை வழியாக உள்ளே போட்டு, கிட்டாரைப் படுக்கவைத்தும் சாய்த்தும் ஆட்டிவிட்டுக் கொட்டுங்கள். பல வருடத் தூசி, சிலந்தி வலை, பல்லி முட்டை ஓடு எல்லாம் அரிசியோடு வந்துவிடும். உள்ளே எதுவும் கீறாது. எங்கள் வீட்டுக் கிட்டாரிலிருந்து இப்படி ஒரு பஸ் டிக்கெட்டும் ஒரு பழைய பிக்கும் வந்தன. இரண்டையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

வெளியே துடைக்க, பிழிந்த மெல்லிய துணி போதும். மேசை நாற்காலிக்கு அடிக்கும் பாலிஷ் வேண்டவே வேண்டாம். அதில் சிலிகான் இருந்தால் பின்னால் எந்தப் பசையும் எந்த வார்னிஷும் அங்கே பிடிக்காது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் புதிதாக்கும் ஆசையும் வேண்டாம். விரல் பலகை கறுப்பாக இருந்தால், அது நிஜமாகவே கறுப்பு மரமா, சாயம் பூசியதா என்று ஒரு ஓரத்தில் ஈரப்பஞ்சால் தொட்டுப் பாருங்கள். பஞ்சில் கறுப்பு வந்தால் எண்ணெய் போடக் கூடாது. ஃப்ரெட்டுகளைப் பளபளப்பாக்க மிக மெல்லிய ஸ்டீல் உல், நான்கு பூஜ்யம் போட்டதைக் கேட்டு வாங்குங்கள். சுற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொண்டு தேய்க்க வேண்டும். முறுக்காணிகளின் பல்சக்கரத்தில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. கழுத்தின் உச்சியில் தந்திகளைத் தாங்கும் சின்னச் சட்டமான நட்டின் பள்ளங்களில் பென்சில் கரியைத் தேய்த்துவிட்டால் சுருதி சேர்க்கும்போது தந்தி திக்காமல் வழுக்கும்.

தந்தி

கடையில் போய்ச் சும்மா அக்கூஸ்டிக் செட் என்று கேட்டால் பன்னிரண்டு நம்பர் செட்டைக் கொடுப்பார்கள். நம்பர் கூடக் கூடத் தந்தி தடிமன். சாதாரண சுருதியில் அது மொத்தமாகச் சுமார் 70 கிலோ எடைக்கு இழுக்கும். ஐம்பது அறுபது வருஷப் பழைய கழுத்துக்கு அது அதிகம். பத்து நம்பர் செட் கேளுங்கள். அது 60 கிலோவுக்குள் நிற்கும். கிடைத்தால் பட்டும் கம்பியும் கலந்து சுற்றிய செட் இன்னும் நல்லது. பழைய பெட்டிக்கு அந்த மென்மையான ஓசை அருமையாகப் பொருந்தும்.

அதோடு, எல்லாத் தந்தியையும் ஒரு முழு ஸ்வரம் இறக்கியே வையுங்கள். ஈ இருக்க வேண்டிய இடத்தில் டி. இப்படிச் செய்தால் இழுவிசை ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. சாதாரண சுருதி வேண்டுமென்றால் இரண்டாவது ஃப்ரெட்டில் கேபோ, அதாவது எல்லாத் தந்தியையும் சேர்த்து அழுத்தும் கிளிப், போட்டுக்கொள்ளலாம். கேபோ போட்டால் தந்தி உயரம் கொஞ்சம் குறைந்து, வயதான விரல்களுக்கும் குழந்தை விரல்களுக்கும் அழுத்துவது சுலபமாகிறது.

பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் தந்தி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று ஸ்கேலால் அளந்து பாருங்கள். இரண்டிலிருந்து மூன்று மில்லிமீட்டர் என்றால் சுகம். ஐந்து என்றால் விரல் தேய்ந்துபோகும். பிரிட்ஜ் மேலே இருக்கும் வெள்ளைச் சட்டத்தை வெளியே எடுத்து அடிப்பக்கம் தேய்த்தால் உயரம் குறையும். கணக்கு இதுதான்: பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஒரு மில்லிமீட்டர் குறைய வேண்டுமானால் சட்டத்தில் இரண்டு மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும். கொஞ்சம் தேய்த்து, போட்டுப் பார்த்து, மறுபடி தேய்க்க வேண்டும்.

ஒட்டாத பிரிட்ஜ் என்றால் அதை வைக்கும் இடமும் முக்கியம். நட்டிலிருந்து பன்னிரண்டாவது ஃப்ரெட் வரை எவ்வளவு நீளமோ, அங்கிருந்து பிரிட்ஜ் வரைக்கும் அவ்வளவு, அதற்கு மேல் இரண்டு மூன்று மில்லிமீட்டர். அப்புறம் காது. பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு நேர் மேலே தந்தியை விரலால் லேசாகத் தொட்டு மீட்டினால் மணி மாதிரி ஒரு நாதம் வரும். அதே ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டுங்கள். அழுத்திய ஸ்வரம் மேலே போனால் பிரிட்ஜைப் பின்னுக்குத் தள்ளுங்கள். கீழே இருந்தால் முன்னுக்கு.

பாட்டைப் பிடிப்பது

இப்போதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

என்னிடம் இருக்கும் கிட்டார் அம்மாவின் மூத்த அண்ணனுடையது. மேகசீன் பாரக்ஸில், மாநகராட்சி வேலைக்காரர்களின் குடியிருப்பில், வாசித்துக்கொண்டிருந்த பெரிய மாமா அவர். 1960-களில் குடும்பங்களைச் சாட்ஸ்வர்த்துக்கு மாற்றியபோது தட்டுமுட்டுச் சாமான்களோடு கிட்டாரும் வந்தது. கல்யாண வீடுகளில் ஆர்கெஸ்ட்ராவோடு வாசிப்பார். நோட்டுப் புத்தகம் கிடையாது. எல்லாம் காதால் பிடித்தது: அவலான் தியேட்டரில் படம் பார்த்துவிட்டு வந்து, இசைத்தட்டில் கேட்டு, பின்னாளில் கேசட்டில் கேட்டு. 1983-இல் இந்தியர்களுக்கான ரேடியோ லோட்டஸ் தொடங்கிய பிறகு ரேடியோவிலிருந்தே பதிவு செய்துகொண்ட கேசட்டுகளும் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. அத்தைமார் குரல், பிரஷர் குக்கர் விசில், வாசலில் நாய் குரைப்பது எல்லாம் பாட்டோடு சேர்ந்து பதிந்திருக்கிறது.

உங்கள் வீட்டிலும் அப்படிக் கேசட் இருக்கும். போடுவதற்கு முன்னால் பென்சிலை நுழைத்துக் கையாலேயே கொஞ்சம் சுற்றிப் பாருங்கள். டேப் ஒட்டிக்கொண்டிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். பிளேயருக்குள் இருக்கும் ரப்பர் பெல்ட் பழசானால் உருகிப் பிசின் மாதிரி ஆகிவிடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு முதல் தடவை ஓடும்போதே கணினியில் பதிவு செய்துவிடுங்கள். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும்.

பதிவானதும் கிட்டாரை எடுத்துக் கூடவே வாசித்துப் பார்த்தால் பலருக்குக் குழப்பம் வரும். ட்யூனர் சரி என்கிறது, பாட்டோடு சேரவில்லை. கிட்டார் மேல் குற்றம் இல்லை. கேசட் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். வேகம் ஆறு சதவீதம் கூடினால் பாட்டு அரை ஸ்வரம் ஏறிவிடும். மூன்று சதவீதம் என்றால் இரண்டு கட்டைக்கு நடுவில் எங்கேயோ நிற்கும். இங்கே நம்மிடம் இருந்த கேசட்டுகள் பலவும் பிரதிக்குப் பிரதி எடுத்தவை. 1946-லிருந்து 1993 வரை இந்தியா தென்னாப்பிரிக்காவோடு வணிகமே வைத்துக்கொள்ளவில்லை. தமிழ்ப் பாட்டும் படமும் சுற்றி வளைத்துத்தான் டர்பனுக்கு வந்தன. ஒவ்வொரு பிரதியிலும் ஒவ்வொரு மெஷினின் வேகம் கூடச் சேர்ந்திருக்கிறது.

இரண்டு வழி உண்டு. ஆடாசிட்டியில் வேகத்தை மாற்றிப் பாட்டைச் சரியான சுருதிக்குக் கொண்டுவரலாம். அல்லது கிட்டாரைக் கேசட்டின் சுருதிக்குச் சேர்க்கலாம். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். எங்கள் வீட்டில் எல்லோர் காதிலும் பதிந்திருக்கும் பாட்டு அந்தக் கேசட்டில் இருப்பதுதான். இன்றைக்கு இணையத்தில் கிடைக்கும் சுத்தமான பதிவைப் போட்டால், 'என்னமோ மாதிரி இருக்கே' என்று எங்கள் சின்னம்மா உடனே சொல்லிவிடுவார். கிட்டாரைக் கொஞ்சம் ஏற்றிக் கேசட்டோடு சேர்த்து வாசித்தால் கூடவே பாட ஆரம்பித்துவிடுவார். சென்னையில் எந்தச் சுருதியில் பதிவு செய்தார்கள் என்பதும் தெரிந்துகொள்ள வேண்டியதுதான், ஆனால் சாட்ஸ்வர்த் வீட்டுக் கூடத்தில் பாடும்போது இந்தச் சுருதிதான் எங்கள் பாட்டு.

சுருதி சேர்ந்ததும் ஸட்ஜத்தைத் தேடுங்கள். பாட்டின் வரி எங்கே போய் நிம்மதியாக உட்காருகிறதோ அந்த ஸ்வரத்தை வாய்க்குள் முனகிக்கொண்டே, ஆறாம் தந்தியில் ஒவ்வொரு ஃப்ரெட்டாக ஏறிக் கண்டுபிடியுங்கள். அதுதான் உங்கள் வீடு. அங்கிருந்து பேஸ் கிட்டார் எங்கே நகர்கிறது என்று மட்டும் முதலில் கவனியுங்கள். மெலடிக்கு அவசரம் வேண்டாம். சுருதி மாறாமல் வேகத்தை முக்கால்வாசியாகக் குறைத்தால் பேஸ் தெளிவாகக் கேட்கும். பேஸ் ஸ்வரங்களை வரிசையாக எழுதினால் பாதிப் பாட்டுக்கு கார்டு (சேர்த்து மீட்டும் ஸ்வரக் கூட்டு) தானாக விழும். மைனர் பாட்டு என்றால் ஏ மைனர், ஜி, எஃப், ஈ என்ற நான்கையும் சுற்றிச் சுற்றிப் பாருங்கள். 1976-இல் இளையராஜா வந்த பிறகு வந்த பாட்டுகள் கிட்டார் பழக மிகவும் ஏற்றவை. அவரே கிட்டார் வாசிப்பவர் என்பதால் இடையிசையில் தந்தி தந்தியாக மீட்டுவது ஒளிவுமறைவில்லாமல் கேட்கும். அதற்கு முந்தைய பாட்டுகளில் வயலின்கள் நடுவே கிட்டார் மறைந்திருக்கும். அங்கே பேஸை நம்புவதைத் தவிர வேறு வழி இல்லை.

தேவாரம், காவடிப் பாட்டு, மாரியம்மன் தாலாட்டு போன்றவற்றுக்கு கார்டே வேண்டாம் என்பது என் கருத்து. மேஜர் மைனர் என்று ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால் ராகம் நெளிகிறது. சாதாரண சுருதியின் பெயர்களில் சொல்கிறேன், இறக்கி வைத்த கிட்டாரில் எல்லாமே ஒரு முழு ஸ்வரம் கீழே ஒலிக்கும். ஆறாம் தந்தியையும் முதல் தந்தியையும் ஈ-யிலிருந்து டி-க்கு இறக்குங்கள். இரண்டாம் தந்தியை பி-யிலிருந்து ஏ-க்கு. இப்போது டி, ஏ, டி, ஜி, ஏ, டி. ஸட்ஜமும் பஞ்சமமும் தம்புரா மாதிரி நிறைந்துவிடும். மூன்றாம் தந்தி மட்டும் மத்யமம். பாட்டில் பிரதி மத்யமம் வந்தால் அந்தத் தந்தியைத் தொடாமல் விடுங்கள். இந்த முறையில் தந்திகள் இறங்குகின்றனவே தவிர ஏறுவதில்லை, ஆகவே பழைய கழுத்துக்கும் சுகம். மஸ்கந்தி என்ற ஜூலு கிட்டார் இசையை வாசிக்கும் கலைஞர்களும் முதல் தந்தியை டி-க்கு இறக்கி வாசிப்பது உண்டு. நகரத்து மார்க்கெட் பக்கம் அவர்கள் வாசிப்பதை நின்று கேளுங்கள். கட்டைவிரல் பேஸைப் பிடித்துக்கொண்டிருக்க, ஆள்காட்டி விரல் மேலே பேசிக்கொண்டே போகும். பெரிய மாமா அந்தக் கட்டைவிரலை அவர்களிடம் பார்த்துத்தான் பழகினார், அதை எனக்கும் சொல்லிக்கொடுத்தார்.

கூடப் பாடுபவருக்குக் கட்டை

பெண்களுக்கு ஐந்திலிருந்து ஆறு கட்டை, ஆண்களுக்கு ஒன்றிலிருந்து இரண்டு என்று பொதுவாகச் சொல்வார்கள். ஐந்து கட்டை ஜி, ஆறு கட்டை ஏ. ஒரு முழு ஸ்வரம் இறக்கி வைத்த கிட்டாரில் ஜி வடிவத்தைப் பிடித்து, கேபோவை இரண்டாவது ஃப்ரெட்டில் போட்டால் ஐந்து கட்டை, மூன்றில் ஐந்தரை, நான்கில் ஆறு. வயதாக ஆகக் குரல் இறங்கும். போன தீபாவளிக்கு ஆறில் பாடியவர் இந்தத் தீபாவளிக்கு ஐந்து கேட்கலாம். கேட்கும் முன்பே இரண்டு ஃப்ரெட் இறக்கி வைத்துவிடுங்கள்.

லோட் ஷெடிங் என்ற மின்வெட்டு மோசமாக இருந்த 2022, 2023 இரவுகளில் எங்கள் தெருவில் இப்படித்தான் பாட்டு திரும்பி வந்தது. டிவி இல்லை, வைஃபை இல்லை. கிட்டாருக்கு மின்சாரம் தேவையில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். அதில் ஒருத்தி இப்போது என்னைவிட நன்றாக வாசிக்கிறாள்.

வைத்துக்கொள்வது

டர்பனின் கோடை ஈரத்தில் மரம் ஊதிக்கொள்ளும், தந்தி துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் ஒவ்வொரு தந்தியையும் துணியால் துடையுங்கள். பெட்டிக்குள் சிலிகா ஜெல் பொட்டலங்கள் போடுங்கள். வெளிச்சுவரில் சாய்த்து வைக்காதீர்கள். பிப்ரவரி வெயிலில் கார் டிக்கியில் விட்டுவிட்டு பன்னி சோ வாங்கப் போய்விடாதீர்கள். சூட்டில் பழைய பசை இளகிவிடும். ஜோஹன்னஸ்பர்க்கில் இருக்கும் மகனுக்கோ மகளுக்கோ கொடுத்தனுப்பினால் பிரச்சினை தலைகீழ். அங்கே குளிர்காலக் காற்று எலும்புவரை வறண்டது. ஒட்டுப்பலகை பிளக்காவிட்டாலும் இணைப்புகள் வாய் பிளக்கும், விரல் பலகை சுருங்கி ஃப்ரெட் நுனிகள் கையைக் கீறும். துளை போட்ட சோப்பு டப்பாவில் ஈரப்பஞ்சு ஒன்றைப் பெட்டிக்குள் வைக்கச் சொல்லுங்கள். பஞ்சு சொட்டக் கூடாது.

கடைசியாக, ஒரு அட்டையில் இதையெல்லாம் தமிழில் எழுதிப் பெட்டிக்குள் போட்டுவிடுங்கள்: கிட்டார் யாருடையது, எப்போது எங்கே வாங்கியது, எந்த நம்பர் தந்தி, எவ்வளவு இறக்கியிருக்கிறது, எந்தப் பாட்டுக்கு யாருக்கு எந்த ஃப்ரெட்டில் கேபோ. எங்கள் பெட்டியில் இருக்கும் அட்டையில் சின்னம்மாவுக்கு மூன்று என்று இருக்கிறது. ஒவ்வொரு முறை தந்தி மாற்றும்போதும் தேதியைக் கீழே சேர்த்துக்கொண்டே போகலாம். பின்பக்கம் முழுக்கக் காலியாகத்தான் இருக்கும், பிள்ளைகள் பிடிக்கும் பாட்டுகளை அவர்களே அங்கே எழுதிக்கொள்ளட்டும்.